நேரும் மறையும்

தொலைக்காட்சிப் பெட்டியைத் தொடாமலே இயக்கும் ஆசை அந்தப் பெட்டியைப் போலவே பழையது. அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1955இல் ஒளிக்கற்றையால் இயங்கும் கருவியொன்றை வெளியிட்டது. சன்னல் வழியே வந்த வெயிலையும் அந்தப் பெட்டி கட்டளையாக எடுத்துக்கொண்டதால், மறு ஆண்டே ராபர்ட் ஆட்லர் வடிவமைத்த வேறொன்று வந்தது. அதில் மின்கலம் கிடையாது. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் அலுமினியத் தண்டைத் தட்டும். மனிதச் செவிக்கு எட்டாத அந்த ஒலியைப் பெட்டி கேட்டுக்கொள்ளும். நான்கு தண்டுகள், நான்கு கட்டளைகள். பின்னர் வந்த அகச்சிவப்புக் கதிர்க் கருவிகள் பொத்தான்களைப் பெருக்கினவே தவிர, அவற்றிலும் பேச்சு ஒருவழிப் பேச்சுதான். நாம் சொல்வோம், பெட்டி செய்யும், அல்லது செய்யாது. பதில் என்று ஒன்று வருவதில்லை.

பதில் சொல்லும் தொலைக்காட்சியை நான் முதலில் கண்டது எங்கள் கல்லூரியின் கருத்தரங்கக் கூடத்தில். உயரத்தில் மாட்டிய பெரிய திரையை மேடையருகே இருந்த கணினியோடு ஒரு கம்பியால் இணைத்திருந்தார்கள். 1960இல் வகுக்கப்பட்ட ஆர்எஸ்-232 என்னும் தொடர் இணைப்பு அது என்று இயற்பியல் துறை நண்பர் விளக்கினார். அனுப்ப ஒன்று, பெற ஒன்று, பொதுவாக ஒன்று என மூன்று கம்பிகளே போதுமாம். எல்ஜி நிறுவனத்தின் வணிகப் பயன்பாட்டுப் பெட்டிகளின் கையேட்டைக் காட்டினார். நொடிக்கு 9600 பிட் வேகம். ‘கே’, ‘ஏ’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, பெட்டியின் எண், மீண்டும் ஓர் இடைவெளி, பிறகு 01 என்று அனுப்பினால் திரை விழித்துக்கொள்ளும். 00 என்றால் உறங்கிவிடும். கட்டளை புரிந்தால் ‘ஓகே’ என்றும், புரியாவிட்டால் ‘என்ஜி’ என்றும் பெட்டி விடையளிக்கும்.

இலக்கணம் நடத்துகிறவளுக்கு இதைக் கேட்டதும் நன்னூல் நினைவுக்கு வராமல் இருக்குமா? பவணந்தியார் விடையை எட்டு வகையாகப் பிரிக்கிறார்: சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. இந்தப் பெட்டிக்கு அவற்றில் நேரும் மறையும் மட்டுமே வாய்த்திருக்கின்றன. அன்று இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தோம். அம்மாவின் வீட்டில்தான் அதன் கனம் எனக்கு விளங்கியது.

அம்மா மன்னார்குடிப் பக்கம் ஒரு சிற்றூரில் தனியாக இருக்கிறார். நான் திருச்சியில், தம்பி பெங்களூரில். அவருக்குக் கைநடுக்கம் உண்டு. விரல் ஒன்றை நினைத்து இன்னொன்றை அழுத்திவிடும். கேபிள் பெட்டியிலிருந்து திரை வேறெங்கோ தாவிவிட்டால் மீட்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளி விட்டு வரும்வரை வெறும் நீலத்திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதற்குத் தம்பி ஒரு வழி செய்தான். இக்காலப் பெட்டிகளுக்கு அந்தக் கம்பியும் தேவையில்லை. வீட்டு வலைப்பின்னல் வழியே கட்டளையை ஏற்கும். உறங்கும் பெட்டியை எழுப்பும் தகவற்பொதியில் ஒரே பைட் ஆறு முறையும், பெட்டியின் வன்பொருள் முகவரி பதினாறு முறையும் இருக்கும். மொத்தம் 102 பைட். பெயர் சொல்லிப் பதினாறு தடவை கூப்பிட்டு எழுப்புவதைப் போல. ஆனால் அந்தக் கூப்பாடு இயல்பாக வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வராது. ஆகவே தம்பி உள்ளங்கையளவு கணினி ஒன்றை அம்மாவின் வீட்டிலேயே வைத்தான். நாங்கள் பாதுகாப்பான தடத்தில் அதற்குச் சொல்வோம். அது பெட்டிக்குச் சொல்லும்.

முதன்முறை இணைத்தபோது, இந்தக் கருவியை அனுமதிக்கலாமா என்று திரை கேட்டது. எதிரே அமர்ந்திருப்பவர்தான் அதற்கு இசைவு தரவேண்டும். அம்மா அழுத்தினார். அதன்பின் பெட்டி அவரைக் கேட்கவில்லை. ஒருமுறை பெற்ற இசைவு ஒரு திறவுகோலாகச் சேமிக்கப்பட்டுவிடுகிறது.

சில வாரங்கள் எல்லாம் நன்றாகவே நடந்தது. அம்மா தொலைபேசியில் அழைப்பார். நான் திரையைக் கேபிளுக்கு மாற்றிக் கொடுப்பேன். பிறகு தம்பி இன்னொரு யோசனை சொன்னான். பெட்டி ஓடுகிறதா இல்லையா என்பதையும் கேட்டறியலாம் அல்லவா? அம்மா தினமும் காலை ஆறரைக்குப் பக்திப் பாடல் போடுவார். ஏழு மணிக்குள் பெட்டி விழிக்கவில்லை என்றால் நம் இருவர் கைப்பேசிக்கும் எச்சரிக்கை வரட்டும் என்றான். அவனுடைய அச்சம் பொய்யில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்தால் அம்மாவுக்குக் கைகொடுக்க அங்கே ஒருவரும் இல்லை.

ஆயினும் அம்மாவிடம் கேட்காமல் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. பொங்கல் விடுமுறையில் கேட்டேன். முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே சொன்னார்:

“டிவி போட்டாத்தான் நான் உசுரோட இருக்கேன்னு அர்த்தமாடி? ஒரு நாளு போட வேணாம்னு தோணுனா, அதுக்கும் ஒங்கக்கிட்ட சொல்லிட்டுத்தான் சும்மா ஒக்காரணுமா?”

வினாவுக்கு வினாவையே விடையாகத் தந்தார். வினாதல் விடை என்று ஆண்டுதோறும் நான் கரும்பலகையில் எழுதுவது இதைத்தான்.

தம்பியும் நானும் நெடுநேரம் பேசினோம். அந்தக் கண்காணிப்பு வேண்டாம் என்று முடிவாயிற்று. அதற்குப் பதில் காலை ஏழு மணிக்கு நான் ஒருநாளும் அவன் மறுநாளுமாகத் தொலைபேசியில் பேசுகிறோம். கைப்பேசி எச்சரிக்கையைவிட இது எங்களுக்குக் கூடுதல் வேலைதான். சில நாள் மணி அடித்தும் எடுக்கமாட்டார், கொல்லையில் இருப்பார். அந்தப் பத்து நிமிடம் வயிறு கலங்கத்தான் செய்கிறது.

ஆனால் “பாட்டுப் போட்டாச்சாம்மா?” என்று கேட்டால், “ராத்திரியெல்லாம் முழங்கால் கொடைஞ்சுது” என்கிறார். உற்றது உரைத்தல். பெட்டியைக் கேட்டிருந்தால், ஓடவில்லை என்பதோடு நின்றிருக்கும். முழங்காலைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

நான் ஊருக்குக் கிளம்பும்போது அம்மா ஒன்று கேட்டார். அன்றைக்கு அழுத்திக் கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று. முடியும், அமைப்புகளில் அனுமதி பெற்ற கருவிகளின் பட்டியல் இருக்கிறது, நீக்கிவிடலாம் என்றேன்.

“இப்ப எடுக்க வேணாம். எங்க இருக்குன்னு மட்டும் காட்டிட்டுப் போ.”

பக்கத்தில் அமர்ந்து காட்டினேன். நடுங்கும் விரலால் மூன்று முறை தானே அந்த இடத்துக்குப் போய் வந்து பழகிக்கொண்டார்.