பட்டறை ஆபீஸ் கம்ப்யூட்டர்

அக்டோபர் 3, 2025, வெள்ளி

ஆயுத பூஜைக்குச் சாத்திய பட்டறையை இன்று திறந்தோம். லேத்துக்கு வைத்த அதே சந்தனப் பொட்டு ஆபீஸ் மானிட்டரிலும் காய்ந்து உதிர்கிறது. கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, மீந்த பொரிகடலையை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு வந்தாலும் கணக்கு எழுதும் டேலி திறக்கிற பாடில்லை.

"பேசாம புதுசு ஒண்ணு வாங்கீரலாமா அம்மிணி?" என்றார் முதலாளி.

"தீபாவளி போனஸ் முடியட்டுங்கண்ணா."

நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 ஏற்ற, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவோ இந்த மாதம் 14-ஆம் தேதியோடு முடிகிறது.

அக்டோபர் 4, சனி

பவர் கட் இல்லாத மதியம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கத்தைத் திறந்தேன். கம்ப்யூட்டரோடு தானாக எழும் புரோகிராம்களின் பட்டியல் அங்கேதான். விண்டோஸ் 7 வரை இதற்கு எம்எஸ்கான்ஃபிக் என்று அடித்துப் போக வேண்டும்; இங்கே மாறி வந்தது விண்டோஸ் 8-இல்.

ஒரு புரோகிராமின் பேருக்கு நேரே 'ஹை' என்றிருந்தால், தொடங்கும்போது அது ப்ராசஸரை 1 நொடிக்கு மேல் பிடிக்கிறது, அல்லது டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேல் படித்து எழுதுகிறது என்று கணக்கு. 3 எம்பி என்ன பெரிய அளவா என்று தோன்றும். ஆனால் சுழலும் தட்டில் ஒவ்வொரு துண்டையும் தேடிப் போகவே ஏறக்குறைய 10 மில்லி நொடி ஆகும். எல்லாமும் ஒரே நேரத்தில் கேட்டால், ஒரே லேத்தில் பல ஜாப்பை மாற்றி மாற்றிக் கட்டுகிற மாதிரி, செட்டிங்கிலேயே பொழுது போய்விடும்.

பட்டியலைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. மே மாதமே மூடப்பட்ட ஸ்கைப், பேச ஆளில்லாமல் தினமும் காலையில் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. எப்போதோ தூக்கிப் போட்ட பிரிண்டரின் மை பார்க்கும் புரோகிராம். பிடிஎஃப் அப்டேட்டர். யாரும் கணக்கே தொடங்காத கிளவுட் டிரைவ். எல்லாவற்றுக்கும் வலது கிளிக், டிசேபிள். இதனால் எதுவும் அழிந்து போகாது. வேண்டும்போது நாமே திறந்துகொள்ளலாம், தானாக மட்டும் எழாது.

சிலதைத் தொடவில்லை. ஆன்டிவைரஸ் இருக்கட்டும். மின்வாரியத்துக்குத் தமிழில் மனு அடிக்க என்எச்எம் ரைட்டர் வேண்டும். டிஜிட்டல் கையெழுத்துக்கான டிஎஸ்சி டோக்கனின் புரோகிராமும் அப்படித்தான்: டோக்கனைச் செருகியதும் உள்ளே இருக்கும் சான்றிதழை விண்டோஸுக்குக் காட்டுவது அது. ஆங்கிலப் பேர் புரியவில்லை என்பதற்காக எதையும் நிறுத்தக் கூடாது. பக்கத்தில் வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் இருக்கும், அதைப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 6, திங்கள்

ஒரு விசித்திரம். தினமும் சாயங்காலம் ஷட்டவுன் செய்தும், டாஸ்க் மேனேஜரின் அப்டைம் நாள் கணக்கில் ஓடியிருக்கிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பின் வேலை. ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸின் உட்கருவை மட்டும் டிஸ்க்கில் எழுதி வைத்து, காலையில் அதையே எடுத்துப் போடுகிறது. முழுசாகத் துடைத்துத் தொடங்குவது ரீஸ்டார்ட்தான். ஹார்ட் டிஸ்க் மெஷினுக்கு அந்த வசதி நல்லதே, எடுக்கவில்லை. சனிக்கிழமை கிளம்பும் முன் மட்டும் ஒரு ரீஸ்டார்ட்.

அக்டோபர் 11, சனி

ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்குக் கடைசி நாள். பிரைவேட் லிமிடெட் என்பதால் ஓடிபி செல்லாது, டிஎஸ்சி போட்டே ஆக வேண்டும். கையெழுத்து ஏற்றும் எம்சைனரை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, டோக்கனைச் செருகியதும் கையெழுத்து ஏறியது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடியே முடிந்ததில் முதலாளிக்கே ஆச்சரியம்.

டெஸ்க்டாப் வந்ததும் இப்போது டேலி உடனே திறக்கிறது. டெஸ்க்டாப் வருவதற்குள் ஆகிற நேரம் மட்டும் பழையபடிதான். நான் நிறுத்தியவை எல்லாம் லாகின் ஆன பிறகு எழுபவை. அதற்கு முன்னால் விண்டோஸ் தன்னைத்தானே டிஸ்க்கிலிருந்து ஏற்றிக்கொள்ளும் நேரத்தை அவை தொடாது. அதற்குச் சுழலும் தட்டில்லாத எஸ்எஸ்டி ஒன்றுதான் வழி. ப்ராசஸரைப் பழி சொல்லி முழு மெஷினையும் மாற்றுவது வீண் செலவு என்றே படுகிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

விண்டோஸ் 10 ஆதரவு இன்றோடு சரி. தனியாகப் பதிந்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை உண்டு. ஆடிட்டர் ஆபீஸில் இது பற்றிக் கேட்க வேண்டும்.

"எஸ்எஸ்டி போட்டா எத்தனை வருசம் ஓடும் அம்மிணி?"

"போட்டுப் பாப்பமுங்கண்ணா."

காந்திபுரம் போகும் டிரைவரிடம் விலை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் திரும்புவதற்குள் டேலி டேட்டாவை பென்டிரைவில் ஏற்றிவிட வேண்டும்.