தாத்தா கழுவிய கடல்!

விடிந்ததும் முதல் வேலையாக மீன் தொட்டியின் விளக்கைப் போடுவது அவர் வழக்கம். அன்றும் போட்டார். முந்தைய நாள் வரை வெள்ளை வெளேரென்று இருந்த மணல், யாரோ டீத்தூளை அள்ளித் தூவியதுபோலக் கிடந்தது. கண்ணாடியிலும் பாறையிலும் அதே பழுப்பு.

"என்னங்க, தண்ணி கெட்டுப்போச்சா?" என்று அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார் மனைவி.

"ஒண்ணுமில்ல, அழுக்கு. தேய்ச்சாப் போயிடும்" என்றார் அவர்.

பெரம்பூர்க்காரர். 61 வயது. ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கும் பிரிவில் 34 வருடங்கள் வேலை பார்த்தவர். பெட்டியின்மேல் ஒரு புள்ளி இருந்தாலும் தேய்த்து எடுத்துவிட்டு, மறுபடியும் அடித்தால்தான் அவருக்கு மனசு ஆறும். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கைகளுக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில்தான், "தாத்தா, எனக்கு நீமோ வேணும்" என்றாள் மகள் வயிற்றுப் பேத்தி. எட்டு வயது.

'ஃபைண்டிங் நீமோ' படம் வந்தது 2003-ல். அப்போது அவளுடைய அம்மாவே பள்ளி மாணவி. ஆனாலும் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட அந்த மீன்மேல் குழந்தைகளுக்கு இருக்கும் ஆசை இன்னும் குறையவில்லை. அது கடல் மீன். சாதாரணத் தொட்டியில் வாழாது, உப்புத் தண்ணீர் வேண்டும்.

பக்கத்திலேயே கொளத்தூர். தெருத்தெருவாக வண்ண மீன் கடைகள். மூன்றடித் தொட்டி வாங்கினார். சுமார் 190 லிட்டர் பிடிக்கும். கடல் உப்புக் கலவையை லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கரைத்து ஊற்றினார். கடலிலிருந்து பவளப்பாறை எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், காய்ந்த செயற்கைப் பாறைகளை அடுக்கினார்.

"சார், ஒரு மாசம் மீன் இல்லாம ஓடட்டும். அப்புறம் விடுங்க" என்றார் கடைப் பையன்.

ஆனால், பேத்தியின் பிறந்தநாள் பன்னிரண்டாவது நாளே வந்துவிட்டது. தாத்தாவுக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு குட்டி மீன்கள் வீட்டுக்கு வந்தன. ஒன்றுக்கு இட்லி, இன்னொன்றுக்கு சட்னி என்று அவளே பெயர் வைத்தாள். சனிக்கிழமைதோறும் வந்து பார்ப்பேன் என்று இரண்டிடமும் சொல்லிவிட்டுப் போனாள்.

பழுப்பு வந்தது பதினெட்டாவது நாள்.

தேய்க்கத் தேய்க்க...

அன்றே கண்ணாடியைத் துடைத்தார். தொட்டதும் தூசி மாதிரி எளிதாகவே வந்தது. இரண்டே நாளில் திரும்பவும் படிந்தது. மறுபடியும் துடைத்தார். மறுபடியும் வந்தது. அவருக்குள் இருந்த பழைய பெயின்டர் விழித்துக்கொண்டார்.

இருபத்திரண்டாவது நாள், மீன்களை ஒரு வாளிக்கு மாற்றினார். மணலை அள்ளிக் குளியலறைக்குக் கொண்டுபோனார். பாறைகளையும், ஃபில்டரில் இருந்த பஞ்சு, பீங்கான் வளையங்களையும் குழாய்த் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்தார். பழுப்புத் தண்ணீர் ஓட ஓட அவருக்குத் திருப்தி. மாலையில் தொட்டி புதிதுபோலப் பளிச்சென்று இருந்தது.

இரண்டாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மூன்றாம் நாள் காலை, சட்னி மணலில் ஒருக்களித்துக் கிடந்தது.

ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கொளத்தூருக்கு ஓடினார். கடைப் பையன் சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் பச்சையானது. அம்மோனியா.

"சார், எதையாவது கழுவினீங்களா?"

சொன்னார். பையன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாக மாறும். மீனுக்கு அது விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை, அந்த அளவுக்குக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக மாற்றும். இந்த பாக்டீரியாக்கள் குடியிருப்பது மணலில், பாறையில், ஃபில்டர் பஞ்சில். அவை பெருகி நிலைக்கப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். மூன்று வாரமாகத் தொட்டி சேர்த்து வைத்ததை அவர் ஒரே மதியத்தில் கழுவிக் கொட்டியிருந்தார்.

"அப்போ அந்த அழுக்கு?"

"அது அழுக்கே இல்ல சார். டயாட்டம்."

கண்ணாடிக்குள் ஓர் உயிர்

டயாட்டம் என்பது ஒற்றைச் செல் பாசி. சிலிக்காவால், அதாவது கண்ணாடி எதனால் ஆனதோ அதே பொருளால், தனக்கு ஓடு கட்டிக்கொள்ளும். உலகில் உருவாகும் ஆக்சிஜனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பாசிகள் தருவது. ஆல்ஃப்ரெட் நோபல் 1867-ல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினாரே, அதில் நைட்ரோகிளிசரினை உறிஞ்சி வைக்க அவர் பயன்படுத்திய மண், செத்துப்போன டயாட்டம்களின் ஓடுகள்தான்.

புதுத் தொட்டியில் தண்ணீரிலும் மணலிலும் சிலிக்கா இருக்கும். போட்டிக்கு வேறு பாசிகள் இன்னும் வந்திருக்காது. அதனால் டயாட்டம் முதலில் வந்து இடம்பிடிக்கிறது. சிலிக்கா தீர்ந்ததும் பெரும்பாலும் தானாகவே குறைந்துவிடும். அதனால் மீனுக்கு ஆபத்தில்லை. சிவப்பாகப் போர்வைபோலப் படர்ந்தாலோ, சளிபோல நூல்நூலாகக் குமிழிகளோடு தொங்கினாலோதான் அது வேறு சமாச்சாரம்.

அவர் கேட்டது வேறு. "அதே சைஸ்ல ஒரு மீன் குடுப்பா. சனிக்கிழமை பேத்தி வருவா."

"இந்தத் தண்ணியில விட்டா அதுவும் போயிடும் சார்."

கடையில் ஓடிக்கொண்டிருந்த தொட்டியிலிருந்து, பாக்டீரியா ஊறிய பஞ்சு ஒன்றைக் கவரில் போட்டுக் கொடுத்தார் பையன். பாதித் தண்ணீரை உடனே மாற்றச் சொன்னார். இட்லி பிழைத்துக்கொண்டது.

சனிக்கிழமை பேத்தி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டியிடம் ஓடினாள். பாறைக்குப் பின்னால் தேடினாள்.

"சட்னி செத்துப்போச்சும்மா. தாத்தா தொட்டியைக் கழுவினேன். அதனாலதான்."

அவள் அழவில்லை. "நீங்க சுத்தமாத்தானே பண்ணீங்க, தாத்தா?" என்று கேட்டாள். அதற்கு அவரிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இட்லி ராத்திரி தனியாவா தூங்கும்?" என்றாள்.

கையைக் கட்டிக்கொண்டு

அடுத்த வாரம் பழுப்பு மறுபடி வந்தது. முன்பைவிட அதிகம். அவர் கை தானாகவே பிரஷ்ஷைத் தேடியது. மனைவிதான் தடுத்தார்.

"பிள்ளைக்குப் பல்லு முளைக்கிறப்போ வயித்தால போச்சு. அதுக்காகப் பிள்ளையையா மாத்தினோம்? விடுங்க."

விட்டார். ஆனால், சும்மா இருக்கவில்லை. தொட்டிக்கு அதுவரை ஊற்றியது சமையலறை ஆர்.ஓ. தண்ணீர். டி.டி.எஸ். பேனாவை முக்கிப் பார்த்தால் 90 காட்டியது. குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று, வடிகட்டாத தண்ணீரையும் கொஞ்சம் கலந்துவிடும் கருவி அதில் இருந்தது. அதன் வழியாக சிலிக்காவும் வந்துகொண்டிருந்தது. தொட்டிக்கென்று தனியாக, டி.டி.எஸ். பூஜ்யம் காட்டும் அளவுக்கு வடிகட்டிய தண்ணீருக்கு மாறினார். பத்து மணி நேரம் எரிந்த விளக்கை ஏழாகக் குறைத்தார். இரண்டு நிமிடத்தில் இட்லி தின்று முடிக்கும் அளவே தீனி. வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம். நான்கு நத்தைகள் வாங்கி விட்டார். ஃபில்டர் பஞ்சை அலச வேண்டியிருந்தால், தொட்டியிலிருந்து எடுத்த உப்புத் தண்ணீரில்தான் அலசினார்.

ஒரு பழைய டைரியில் தினமும் எழுதினார். 'பழுப்பு. அப்படியே.' 'பழுப்பு. அப்படியே.' அடுத்தடுத்துப் பதினாறு நாட்களுக்கு அதே வரி. பதினேழாவது நாள், 'இடது மூலையில் மணல் தெரிகிறது' என்று எழுதியிருக்கிறார்.

அதன் பிறகு வேகமாகவே குறைந்தது. நத்தை ஊர்ந்த தடங்கள் கண்ணாடியில் கோலம்போலத் தெரிந்தன. பாறையில் லேசான பச்சை வந்தது. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். இரண்டு வாரம் தொடர்ந்து அப்படியே இருந்த பிறகுதான் பேத்தியைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடலில் பிடித்ததா, குஞ்சு பொரித்து வளர்த்ததா என்று விசாரித்து, வளர்த்த மீனாகவே வாங்கினார்.

இட்லியைவிடச் சின்ன மீன். இந்த மீன்கள் எல்லாமே பிறக்கும்போது பெண் அல்ல, ஜோடி சேர்ந்த பிறகு பெரியதுதான் பெண்ணாக மாறும் என்று கடைப் பையன் சொல்ல, அவளுக்கு ஆச்சர்யம் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து, கவரோடு மீனைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள்.

"இதுக்கும் சட்னின்னே பேர் வெச்சிடலாமா?" என்று கேட்டார் தாத்தா.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சட்னி செத்துப்போச்சு தாத்தா. இது சாம்பார்."