காற்றடிக்கும் மாதங்கள்

ஆடி மாதம் இலங்கை மலையகத்தின் ஹட்டனில் மழை விடாது. அதே நாட்களில் பண்டாரவளையில் தூசி பறக்கும். நடுவில் நிற்பது மலைத்தொடர் ஒன்றுதான். தென்மேற்குக் காற்று ஈரத்தையெல்லாம் இந்தப் பக்கம் கொட்டிவிட்டு, வறண்டுபோய் பண்டாரவளை இருக்கும் ஊவாவுக்குள் இறங்குகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாத் தேயிலை மணப்பது அதனால்தான். ஹட்டன் சேர்ந்த எங்கள் திம்புள்ளப் பக்கம் மணக்கும் காலம் தை, மாசி: பகலில் காயும் வெயில், இரவில் பனி. 6,000 அடி உயரத்து நுவரெலியாவில் சாயமே வெளிறிப் பொன்னிறமாக இறங்கும்.

பிரான்ஸில் திராட்சைத் தோட்டத்தின் சரிவைச் சொல்லி மதுவை விற்பார்கள். கொழும்பில் 1883 முதல் நடக்கும் ஏலத்திலும் தேயிலைக்குத் தோட்டத்தின் பெயர்தான் அடையாளம்.

ஊவாத் தேயிலையின் குளிர்ச்சியான வாசனைக்கு முக்கியக் காரணம் மெதில் சாலிசிலேட் என்று படித்ததும் எனக்கு அப்பாயியின் முழங்கால் ஞாபகம் வந்தது. வலித்தைலத்தில் நெடியாக ஏறுவதும் அதே பொருள்தான்.

அப்பாயி பதுளைப் பக்கம் பிறந்து ஹட்டனுக்கு வாழ்க்கைப்பட்டவர். பொழுது சாய மலையிலிருந்து இறங்கி, லயத்து வீட்டு வாசலில் காலை நீட்டி உட்காருவார். நாள் முழுக்க நிரை பிடித்துச் சரிவில் ஏறி இறங்கிய கால்கள். தைலம் தேய்த்துவிடுவது என் வேலை. எத்தனை கழுவினாலும் கையில் நெடி போகாது. அந்தக் கையோடுதான் இரவுச் சோறு. ஒரு மாசியில் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னார்: “காத்தடிச்சா கொழுந்து மணக்கும்டா. கூடைதான் நெறையாது.”

மலையின் சூட்சுமம் முழுக்க அதில் இருக்கிறது. வறண்ட காற்றிலும் குளிரிலும் கொழுந்து மெதுவாகத்தான் துளிர்க்கும். வறட்சியும் பூச்சிக்கடியும் வருத்தும்போது பல செடிகள் மெதில் சாலிசிலேட்டைச் சுரக்கின்றன. வளர்ச்சி குறையும் வேளையில்தான் வாசனை திரள்கிறது. ஏலத்தில் விலையும் ஏறுகிறது. ஆனால் கொழுந்து பறிப்பவருக்குக் கணக்கு கிலோவில். எடை போதாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி மட்டும் போடுவது தோட்டங்களின் பழைய வழக்கம். தேயிலை உச்சத்தில் இருக்கும் மாதங்களிலேயே அவர் கைக்கு வருவது குறைந்துபோகலாம்.

உயரம், காற்று, பனி என்று தேயிலையின் பெருமையைப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். அந்தப் பெருமைக்குக் கிடைக்கும் விலையில் சரிவில் நின்று பறித்தவருக்கும் பங்கு உண்டு. காற்றடிக்கும் மாதங்களிலாவது தராசை மட்டும் பார்த்துப் பேர் போடக் கூடாது. மணத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுக்க வேண்டும்.