கடற்சுவருக்குப் பின்னால் ஒரு பப்

அப்பாவிடம் நான் சொன்னது, "கடலோரத்துல ஒரு நல்ல ஹோட்டல் இருக்குப்பா, மீன் சாப்பிடப் போலாம்" என்றுதான். லண்டனில் ரயில் ஏறி ஃபாவர்ஷாமில் இறங்கும்வரை பப் என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. இறங்கினால் ஊரெல்லாம் மால்ட் வாசனை. 1698-இல் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் ஷெப்பர்ட் நீம் பீர் ஆலை அந்த ஊருக்குள்தான் இருக்கிறது. "என்னளா இது, சோளம் வேகுற மாதிரி இருக்கு?" என்றார். ஏதோ ஃபேக்டரி என்றேன்.

அப்பா தூத்துக்குடி உப்பளத்தில் முப்பத்தொரு வருஷம் கணக்கப்பிள்ளை. சனிக்கிழமை கூலி கொடுப்பது அவர் வேலை. கொடுத்த கூலி வீட்டுக்குப் போகாமல் எந்தக் கடைக்குப் போகிறது என்பதையும் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு கூலி என் சித்தப்பாவுடையது. 2009-இல் ஈரல் கெட்டு, நாற்பத்து மூன்று வயதில் சித்தப்பா போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் கல்யாண வீட்டின் பின்பக்கம் யாராவது பாட்டில் திறந்தது தெரிந்தால்கூட அப்பா பந்தியில் உட்கார மாட்டார். எழுந்து வந்துவிடுவார்.

நான் லண்டனில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் ஆட்களோடு பப்புக்குப் போவேன். முதலில் ஆரஞ்சு ஜூஸ், பிறகு பாதி பைன்ட் பீர், பிறகு முழுசு. 2017-இல் அப்பா முதல்முறையாக என்னைப் பார்க்க வந்தபோது எனக்கு ஒரு திட்டம் இருந்தது. குடிக்கிற இடத்தில் மனுஷர்கள் ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிடுவதை அவருக்குக் காட்டிவிட வேண்டும். அதற்கப்புறம் என் விஷயத்தைச் சொல்வது சுலபம். இப்போது நினைத்தால் கொஞ்சம் மட்டமான திட்டம்தான்.

அதற்கு நான் பிடித்த இடம் கென்ட் மாவட்டத்தில் சீசால்ட்டர் என்கிற கடலோர கிராமத்தில் உள்ள 'ஸ்போர்ட்ஸ்மேன்'. டாக்ஸி போகப் போக வீடுகள் குறைந்து, ஆடு மேயும் சதுப்பு நிலம் வந்தது. ஒரு பக்கம் நீளமாகக் கடற்சுவர். அதற்குப் பின்னால், காற்றில் வெளுத்துப்போன ஒரு கட்டடம். நம் ஊரில் பப் என்றாலே கலர் லைட்டும் காது கிழியும் பாட்டும்தான் ஞாபகம் வரும். இங்கே மரத்தரை, மர மேஜை, மேஜைவிரிப்பு கிடையாது. கரும்பலகையில் சாக்பீஸால் அன்றைய சாப்பாடு. கவுண்டரில் போய் நாமே சொல்லிவிட்டு வர வேண்டியிருந்தது. பொதுவீடு என்று பொருள்படும் 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான் பப். இங்கிலாந்து கிராமங்களில் அது பல காலமாக ஊரின் திண்ணை மாதிரி. சாப்பாட்டுக்கு மட்டும் அதில் பெரிய இடமிருந்ததில்லை. சிப்ஸ் பாக்கெட், ரொட்டி, பாலாடைக்கட்டி, ஊறுகாய், அவ்வளவுதான். 1991-இல் லண்டனில் 'ஈகிள்' என்ற பப்பை இரண்டு பேர் எடுத்து நல்ல சமையல் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் காஸ்ட்ரோபப் என்ற சொல்லே பரவியது. குடி வியாபாரம் மட்டும் சோறு போடாது என்று தெரிந்த கிராமத்துப் பப்கள் பலவும் அந்த வழிக்கு வந்தன.

ஸ்போர்ட்ஸ்மேனை 1999-இல் எடுத்து நடத்த ஆரம்பித்தவர் ஸ்டீபன் ஹாரிஸ். சமையல் பள்ளிக்கூடம் போகாதவர், ஒரு காலத்தில் வரலாற்று வாத்தியார். 2008-இல் மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. வாத்தியார் புத்தி போகவில்லை போலிருக்கிறது, சுற்றியுள்ள மண்ணின் பழைய கதையைத் தோண்டினார். 1086-இன் டூம்ஸ்டே ஏட்டில் இந்தப் பகுதி கேன்டர்பரி தேவாலயத்தின் சமையல்கட்டுக்குச் சொந்தம் என்று இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தக் கரையில் உப்புக் காய்ச்சியிருக்கிறார்கள். சீசால்ட்டர் என்ற பேரே அதைச் சொல்கிறது. ஹாரிஸும் எதிரே இருக்கும் கடலில் தண்ணீர் எடுத்துத் தன் உப்பைத் தானே காய்ச்சினார். வெண்ணெயையும் அங்கேயே கடைந்தார்.

இது எனக்கு முன்பே தெரியும். அப்பாவிடம் வேண்டுமென்றே சொல்லவில்லை.

உள்ளே நுழைந்ததுமே பீர் குழாய்களின் கைப்பிடிகளைப் பார்த்துவிட்டார். நின்றார். "இது கடைதானே?"

"சாப்பாட்டுக் கடைப்பா."

"ஏளா, எனக்குக் கண்ணு தெரியும்."

திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். வெளியே டாக்ஸி போயிருந்தது, காற்று வேறு. ஜன்னலோரம் வந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்தார்.

ரொட்டியும் வெண்ணெயும் வந்தன. வெண்ணெயின் மேல் இருந்த உப்பைத்தான் முதலில் பார்த்தார். ஒரு பரலை விரல் நுனியில் ஒட்டி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, நாக்கில் வைத்தார்.

"எந்த ஊரு உப்புளா இது?"

"இந்தக் கடல்தான்."

"வெயில்ல விளைஞ்சதில்ல. பொடுபொடுன்னு உதிருது பாரு. அடுப்புல வச்சிக் காய்ச்சிருக்காவ. நம்ம உப்புன்னா கல்லு மாதிரி நிக்கும்."

பரிமாறிய பெண்ணிடம் கேட்டேன். ஆமாம், காய்ச்சியதுதான். அவளிடம் இவர் உப்பளத்துக்காரர் என்று சொன்னேன். எப்படி எடுப்பீர்கள் என்று அவள் கேட்க, அப்பா மேஜையிலேயே விரலால் பாத்தி போட்டுக் காட்டினார். இது தண்ணி கட்டுற இடம், இது வெயில் காயுற இடம், இப்படி வாரணும். நான் மொழிபெயர்த்தேன். மழை வந்தால், என்று கேட்டாள். "கரைஞ்சு போயிரும், வேறென்ன" என்றார். அதை மொழிபெயர்க்கும்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அடுத்து ஒரு சின்ன நாக்கு மீன், முழுசாக, கடல்பாசி வெண்ணெயில் வாட்டியது. அந்தக் கடையின் பேர்போன பண்டம். "பாசியைத் திங்காவளா!" என்று சிரித்தார். நம் கரையில் பெண்கள் முங்கி எடுத்துக் கம்பெனிக்கு விற்கிற சரக்கு. முள்ளை அப்படியே உரித்து எடுத்துவிட்டு, ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டார். நான் எலுமிச்சை சோடாவோடு நிறுத்திக்கொண்டேன்.

பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம். பாட்டி, பேரப்பிள்ளை, காலடியில் நாய். தாத்தா முன்னால் ஒரு பைன்ட். அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தாளு வந்ததுல இருந்து அந்த ஒரு கிளாசையே வச்சிருக்காரு." கொஞ்ச நேரம் கழித்து, "ஒன் சித்தப்பன் உக்காந்து குடிச்சு நான் பார்த்ததே இல்ல. நின்னுக்கிட்டே ஊத்துவான். கையில ஒரு மாங்காத் துண்டு."

அந்த நேரத்தில் ஒன்று உறைத்தது. நான் காட்ட நினைத்ததை அவர் பார்த்துவிட்டார். ஆனால் அதில் சித்தப்பாவுக்கு எந்த உபயோகமும் இல்லை. மர நாற்காலி, ஜன்னல், இரண்டு மணி நேரம், சுடச்சுட மீன். இதெல்லாம் காசு. இங்கிலாந்திலும் நின்றுகொண்டே ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் இந்த மேஜைக்கு வருவதில்லை. பில்லை அப்பா கண்ணில் படாமல் கட்டினேன்.

கிளம்பும்போது ஒரு டிஷ்யூவில் கொஞ்சம் உப்பைக் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கடற்சுவர் மேல் ஏறி நின்றோம். கடல் ரொம்ப தூரம் உள்வாங்கிச் சேறாகக் கிடந்தது. "இந்த வெயிலை வச்சிக்கிட்டு இவிய உப்பு விளைக்க முடியாது" என்றார், அனுதாபமாக.

திரும்பி வரும் ரயிலில் தூங்குகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"நீ குடிப்பியாளா?"

"எப்பவாவது."

ஒரு ஸ்டேஷன் போனது.

"சோத்தோடயா?"

"ஆமாப்பா."

வெள்ளிக்கிழமைகளில் நாலு பேராகக் கிழித்துத் தின்கிற சிப்ஸ் பாக்கெட்டைக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். அப்பா டிஷ்யூவைப் பிரித்து, உப்பு ஈரம் கோர்த்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி மடித்து வைத்தார்.