கொள்கை மாறலாம், காரணம் மறையலாமா?

தனிநாட்டுக் கோரிக்கையை 1963-இல் தி.மு.க. கைவிட்டபோது, அண்ணா அதற்கான காரணத்தை வெளிப்படையாகவே சொன்னார். வீடு இருந்தால்தான் ஓடு மாற்ற முடியும் என்பது அவர் வாதம். ஏற்காதவர்களுக்கும் எதிர்த்துப் பேச ஒரு வாதம் கிடைத்தது. மதுவிலக்கில் கதை வேறு. 1971-இல் கலைஞர் அரசு விலக்கைத் தளர்த்தியது, 1974-இல் மீண்டும் கொண்டுவந்தது. எம்.ஜி.ஆர். அரசு 1981-இல் தளர்த்தியது. 1983-இல் மதுவை மொத்தமாக விற்கும் அரசு நிறுவனமாக டாஸ்மாக் பிறந்தது. 2003-இல் ஜெயலலிதா அரசு சில்லறை விற்பனையையும் அதனிடமே ஒப்படைத்தது. 2016 தேர்தலில் தி.மு.க., அ.தி.மு.க. ஆகிய இரு கழகங்களும் மதுவிலக்கு பேசின. கடைகள் இன்றும் இருக்கின்றன. ஒழுக்கம் பற்றிய கருத்து மாறியதைவிட, கஜானா அந்த வருமானத்துக்குப் பழகியதே இங்கே பெரிய மாற்றம்.

"விலக்கு வந்தால் கள்ளச்சாராயம் பெருகும்" என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் கடைகள் திறந்திருக்கும்போதே 2024-இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் விஷச்சாராயத்துக்குப் பலியானார்கள். "காலத்துக்கேற்பக் கட்சி மாறக்கூடாதா?" என்றும் கேட்பார்கள். தாராளமாக மாறலாம். மதுவிலக்கு நடைமுறைக்கு ஒவ்வாது என்று உண்மையிலேயே நம்பினால், அதை மேடையில் சொல்லி வாக்குக் கேட்கட்டும். கொள்கையைக் கைவிடுவதைவிட, கைவிட்டதை ஒப்புக்கொள்ளாமல் தேர்தலுக்குத் தேர்தல் தூசி தட்டி எடுப்பதுதான் ஒழுக்கக்கேடு.