அம்மா பேசிய 7 நிமிடங்கள்... பழைய கேசட், புது டி.வி., நடுவில் ஒரு ரிசீவர்!

1990-களில் நடந்த கல்யாணங்களுக்கு ஓர் அடையாளம் உண்டு. கண் கூசும் வீடியோ லைட், அதைத் தூக்கிப் பிடித்தபடி கூடவே நடக்கும் பையன், தோளில் கேமராவோடு வீடியோகாரர். ஒரு மாதம் கழித்து மணமக்கள் பெயர் எழுதிய கறுப்பு கேசட் வீட்டுக்கு வரும். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் வாடகைக்கு டெக் எடுத்துப் போட்டுக் காட்டுவார்கள். பிறகு டெக் போனது, வீடியோ கடைகள் செல்போன் கடைகள் ஆகின. கேசட் மட்டும் பீரோவின் அடித்தட்டில் தங்கிவிட்டது.

மதுரை கே.கே. நகரில் ஒரு வீட்டு பீரோவில் அப்படி இரண்டு கேசட்டுகள் இருந்தன. ஒன்று, 1990-ல் நடந்த கல்யாணம். மற்றொன்று, 1992-ல் நடந்த வளைகாப்பு. கூட்டுறவு பண்டகசாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற அந்த வீட்டு அப்பா, மனைவியை இழந்து 29 வருடங்கள் ஆகின்றன. அப்போது மகளுக்கு 4 வயது. அம்மாவின் முகத்தை போட்டோக்களில் பார்த்துத்தான் அவர் வளர்ந்தார். குரல் சுத்தமாக நினைவில் இல்லை.

கல்யாண கேசட்டில் குரலுக்கு வழியில்லை. அந்தக் கால வழக்கப்படி முழுக்க நாகஸ்வரமும் சினிமா பாட்டும் சேர்த்திருந்தார்கள். ஆனால் வளைகாப்பு கேசட்டின் கடைசியில், பாட்டு சேர்க்காமல் விட்டுப்போன கொஞ்ச நேரம் உண்டு. ``அதுல உங்கம்மா பேசுறது இருக்கும் பாப்பா’’ என்று அப்பா எப்போதோ சொன்னதை மகள் மறக்கவில்லை.

போன தீபாவளிக்கு அப்பாவுக்கு 55 இன்ச் 4கே டி.வி. வாங்கிக் கொடுத்தார் மகள். உறவினர் வீட்டில் ஓடும் நிலையில் ஒரு வி.சி.ஆர். கிடைத்தது. ஹெட்டைச் சுத்தம் செய்து வாங்கி வந்தார்கள். இனி கேபிளை மாட்டினால் போதும் என்றுதான் நினைத்தார்கள்.

பெரிய திரையில் சின்னப் படம்

வி.சி.ஆரின் பின்னால் இருப்பது மஞ்சள், சிவப்பு, வெள்ளை துளைகள். புது டி.வி-யில் இருப்பதோ ஹெச்.டி.எம்.ஐ. இரண்டையும் சேர்க்க, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி வந்தார் மகள். முதலில் கல்யாண கேசட்டைப் போட்டார்கள்.

படம் வந்தது. ஆனால் எல்லோரும் பக்கவாட்டில் உப்பிப்போய்த் தெரிந்தார்கள். அட்சதை போடும் கைகளின் ஓரங்கள் சீப்புப் பல் போலக் கிழிந்தன. முகூர்த்தப் புடவையின் அரக்குச் சிவப்பு, கரையைத் தாண்டி வழிந்தது. ``நம்ம பழைய டி.வி-யிலேயே நல்லா இருந்துச்சே’’ என்றார் அப்பா. மகளுக்கு முகம் வாடிவிட்டது. வளைகாப்பு கேசட்டைப் போடவே வேண்டாம் என்று எடுத்து வைத்துவிட்டார். அம்மாவை முதன்முதலாகக் கேட்கும்போது இப்படிக் கோணலாகப் பார்க்க அவருக்கு மனமில்லை.

அப்பா சொன்னது பிரமை இல்லை. பழைய டி.வி-யில் உண்மையிலேயே அந்தப் படம் நன்றாகத்தான் இருந்தது. காரணம், எளிய கணக்கு.

4கே திரையின் அளவு 3840 x 2160. அதாவது, 82,94,400 புள்ளிகள். நம் நாட்டில் பயன்பட்ட பால் முறைப்படி ஒரு டி.வி.டி-யின் படத்தில் இருப்பது 720 x 576, அதாவது 4,14,720 புள்ளிகள். சரியாக 20-ல் ஒரு பங்கு! திரையில் 20 புள்ளிகள் ஒளிர்ந்தால், அவற்றில் ஒன்றுக்குத்தான் அசல் தகவல் இருக்கிறது. மிச்சம் 19 புள்ளிகளை ஏதோ ஒரு கருவி கணக்குப் போட்டு நிரப்ப வேண்டும். இதற்குப் பெயர்தான் அப்ஸ்கேலிங். கல்யாண சி.டி. என்று கொடுத்தார்களே, அந்த வி.சி.டி-யில் இருப்பது வெறும் 352 x 288. அதை 4கே திரையில் பார்ப்பது, ஒரு புள்ளியை 82 புள்ளிகளாக இழுப்பதற்குச் சமம்.

வி.ஹெச்.எஸ். கேசட் இன்னும் பாவம். அதன் நுணுக்கம் குறுக்குவாக்கில் சுமார் 240 கோடுகள்தான். நிறத்துக்கு அதைவிட மிகக் குறைவு. புடவையின் சிவப்பு கரையைத் தாண்டி வழிவது அதனால்தான். 21 இன்ச் பழைய டி.வி-யில் இந்தக் குறைகள் சின்னதாக இருந்தன, கண்ணுக்குப் படவில்லை. 55 இன்ச்சில் அதே படத்தின் உயரம் மட்டுமே இரண்டு மடங்குக்கு மேல். குறைகளும் அதற்கேற்ப வளர்ந்துவிட்டன.

சீப்புப் பல்லுக்குக் காரணம் வேறு. பழைய வீடியோவில் நொடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு படமும் இரண்டு பாதியாக வரும். முதலில் ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை வரிகள். அடுத்து இரட்டைப்படை வரிகள். பெரிய பெட்டி டி.வி. அவற்றை அப்படியே மாற்றி மாற்றி வரைந்தது. இப்போதைய தட்டை டி.வி. முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் காட்டுகிறது. எனவே இரண்டு பாதிகளைச் சேர்த்தாக வேண்டும். ஒரு பாதிக்கும் அடுத்த பாதிக்கும் இடையில் கை நகர்ந்திருந்தால், சேர்க்கும் இடத்தில் பல் பல்லாகக் கிழியும். விலை குறைந்த கன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

``இது உங்கம்மா இல்ல பாப்பா’’

மகள் சும்மா இருக்கவில்லை. கல்யாணக் காட்சியில் அம்மா நிமிர்ந்து பார்க்கும் ஓர் இடத்தை செல்போனில் படம்பிடித்து, பழைய படங்களைத் தெளிவாக்கித் தரும் ஏ.ஐ. ஆப் ஒன்றில் போட்டார். சில நொடிகளில் பளிச்சென்று ஒரு முகம் வந்தது. புருவம் வரைந்தாற்போல, சருமம் வழுவழுவென்று, கண்களில் மினுமினுப்பு.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ``நல்லாத்தான் இருக்கு. ஆனா, இது உங்கம்மா இல்ல பாப்பா’’ என்றார். தாடையில் இருந்த மச்சம் காணாமல் போயிருந்தது. எட்டுக்கல் மூக்குத்தி ஒற்றைக்கல்லாக மாறியிருந்தது.

இந்த வகை ஆப்கள் பல ஆயிரம் முகங்களைப் பார்த்துப் பழகியவை. மங்கலாக இருக்கும் இடத்தில், `இங்கே இப்படித்தான் இருக்கும்’ என்று ஊகித்து வரைகின்றன. இயற்கைக் காட்சி என்றால் பரவாயில்லை. இறந்துபோன ஒருவரின் முகத்தில் அந்த ஊகம் வேறோர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

ரிசீவர் என்ன செய்கிறது?

இந்தச் சங்கதி அத்தை மகன் காதுக்குப் போனது. ஹோம் தியேட்டர் மாட்டிக் கொடுப்பது அவர் தொழில். 2010 வாக்கில் வந்த ஏ.வி. ரிசீவர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தார். ரிசீவர் என்பது பலரும் நினைப்பதுபோல வெறும் ஆம்ப்ளிஃபையர் இல்லை. எல்லாக் கருவிகளின் படமும் சத்தமும் அதற்குள் போய், டி.வி-க்கும் ஸ்பீக்கர்களுக்கும் பிரியும். அந்தக் காலத்து நடுத்தர, உயர்ரக மாடல்கள் பலவற்றில் மஞ்சள் துளை வழியாக வரும் படத்தை ஹெச்.டி.எம்.ஐ-க்கு மாற்றி, 1080 வரிகள் வரை உயர்த்தித் தரும் தனி சிப் இருந்தது. இன்றைய புது மாடல்கள் பலவற்றில் பழைய துளைகள் குறைந்துவிட்டன.

அவர் ரிசீவரைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. முதலில் கேட்டது வேறு. ``மாமா, கேசட்டை எத்தனை தடவை ஓட்டுனீங்க?’’

``கல்யாண கேசட்டை ஒரு நாலஞ்சு தடவை ஓட்டிருப்போம் மாப்ள. வளைகாப்பை இன்னும் தொடல.’’

``நல்லவேளை!’’ என்றவர், வளைகாப்பு கேசட்டின் முன்பக்க மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். டேப்பின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். பூஞ்சை! அப்படியே ஓட்டினால் டேப் ஹெட்டில் ஒட்டிக் கிழியலாம். வி.சி.ஆருக்குள் பரவி, அடுத்து போடும் கேசட்டையும் கெடுக்கலாம். அன்றைக்கே அதைச் சுத்தம் செய்யத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தார்கள். திரும்பி வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் அப்பா வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

கேசட் வந்ததும் அத்தை மகன் செய்த முதல் வேலை, வி.சி.ஆரை லேப்டாப்போடு இணைத்து முழுவதையும் பதிவுசெய்தது. எந்த அப்ஸ்கேலும் இல்லாமல், வந்த அளவிலேயே. அதுவரை யாரும் பார்க்கக் கூடாது என்று சத்தத்தையும் குறைத்துவிட்டார். ``நாளைக்கு இதைவிட நல்ல மெஷின் வரும். அப்போ அசல் நம்மகிட்ட இருக்கணும் அத்தான்னு சொல்ற ஆளே நீதான் இருக்கணும்’’ என்று மகளிடம் சொல்லிச் சிரித்தார்.

அதன்பிறகுதான் ரிசீவர். வேலை வரிசையாக நடந்தது.

வி.சி.ஆரின் மஞ்சள் கேபிள் ரிசீவரின் மஞ்சள் துளைக்கு. ரிசீவரிலிருந்து ஒரே ஒரு ஹெச்.டி.எம்.ஐ. டி.வி-க்கு. ரிசீவர் மெனுவில் `வீடியோ கன்வர்ஷன்’ ஆன். வெளியே போகும் அளவு 1080பி. அந்த 1080 வரிகளை டி.வி. சரியாக இரண்டு மடங்காக்கினால் 2160 வரிகள், 4கே திரைக்குப் போதும். பாதிப் படங்களை ஒட்டும் கடினமான வேலை ரிசீவருக்கு, பெரிதாக்கும் மிச்ச வேலை டி.வி-க்கு என்று பிரித்துக் கொடுத்தாயிற்று.

அடுத்து, டி.வி. செட்டிங்ஸ். படத்தின் வடிவத்தை 16:9-லிருந்து 4:3 ஆக்கினார். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது. உப்பியிருந்த முகங்கள் பழைய வடிவத்துக்கு வந்துவிட்டன. ஷார்ப்னெஸ்ஸைப் பூஜ்யமாக்கினார். கேசட் படத்தில் ஷார்ப்னெஸ் கூட்டினால் கூர்மை வராது, இரைச்சல் புள்ளிகள்தான் கூடும். புள்ளிகளைக் குறைக்கும் `நாய்ஸ் ரிடக்ஷன்’ டி.வி., ரிசீவர் இரண்டிலும் ஓடினால் முகம் மெழுகு பூசியதுபோல ஆகிவிடும். எனவே டி.வி-யில் மட்டும் அணைத்தார். எது நல்லது என்று பார்க்க அவர் வைத்துக்கொண்ட சோதனை, வளையல் அடுக்கும் கைகளும் புடவையின் ஜரிகைக் கரையும். ரிசீவரின் வேலையை ஆன் செய்தும் ஆஃப் செய்தும் அதே காட்சியைப் பதிவிலிருந்து ஓட்டிப் பார்த்தார்.

சீப்புப் பல் ஏறக்குறைய மறைந்திருந்தது. நல்ல ரிசீவர் படத்தில் அசையாத இடங்களில் இரண்டு பாதிகளையும் அப்படியே பின்னிவிடுகிறது. அசையும் இடங்களில் மட்டும் பக்கத்து வரிகளைப் பார்த்து நிரப்புகிறது. ஜரிகை கொஞ்சம் ஒழுங்கானது. ஆனால் மச்சம்? அது அப்போதும் மங்கலான ஒரு புள்ளிதான். கேமரா பிடிக்காத எதையும் ரிசீவர் புதிதாக வரையவில்லை. இருப்பதைக் கெடுக்காமல் பெரிதாக்கியது, அவ்வளவே. அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. மச்சம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்ததே!

சிக்கலும் வந்தது. டேப் கசங்கியிருந்த இரண்டு இடங்களில் திரை சட்டென்று கறுப்பானது. பழைய டி.வி. இத்தகைய தள்ளாட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும். ரிசீவருக்கு நிலையான சிக்னல் வேண்டும். வி.சி.ஆரின் டிராக்கிங்கைத் திருகியதும் ஓர் இடம் சரியானது. இன்னோர் இடம் அப்படியே போனது.

அந்த 7 நிமிடங்கள்

சத்தத்துக்கு ஐந்து ஸ்பீக்கர் சுற்றொலி எதுவும் வேண்டாம் என்று முன்பக்க இரண்டு ஸ்பீக்கர்களை மட்டும் விட்டார் அத்தை மகன். பாட்டு ஓய்ந்தது. பாத்திரச் சத்தம், குழந்தை அழுகை, யாரோ யாரையோ கூப்பிடுவது எல்லாம் கேட்டது. பிறகு கன்னத்தில் சந்தனத்தோடு அம்மா கேமராவைப் பார்த்து, வெட்கமும் சலிப்புமாகச் சொன்னார்.

``என்னையவே எதுக்குண்ணே எடுத்துக்கிட்டு இருக்கீங்க? போய் பந்தியை எடுங்க!’’

அப்பா சிரித்துவிட்டார். மகள் அழவில்லை. ``எனக்கும் இப்படித்தான்ப்பா குரல் கட்டையா இருக்கு’’ என்று மட்டும் சொன்னார்.

உங்கள் பீரோவில் இருக்கிறதா?

ஜே.வி.சி. நிறுவனம் வி.ஹெச்.எஸ்ஸை ஜப்பானில் அறிமுகம் செய்தது 1976-ல். வி.சி.ஆர். தயாரித்த கடைசி நிறுவனமான ஃபுனாய், 2016 ஜூலையோடு தயாரிப்பை நிறுத்திவிட்டது. இனி கிடைப்பவை எல்லாம் பழைய கருவிகள், பழைய உதிரிப்பாகங்கள்தான். காந்த டேப்களில் இருப்பவற்றை 2025-க்குள் டிஜிட்டலாக்கிவிட வேண்டும் என்று ஆஸ்திரேலியாவின் தேசிய திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-லேயே எச்சரித்தது. அந்த வருடமும் வந்துவிட்டது.

எனவே ரிசீவர் வாங்குவதா, டி.வி-யே அப்ஸ்கேல் செய்யட்டும் என்று விடுவதா என்ற கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். இன்றைய நல்ல டி.வி-கள் பலவும் அந்த வேலையைத் தாங்களே ஓரளவு நன்றாகச் செய்கின்றன. பழைய ரிசீவர் வாங்குவதாக இருந்தால், மஞ்சள் துளை இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அதில் வரும் படத்தை ஹெச்.டி.எம்.ஐ-க்கு மாற்றித் தருமா என்று மேனுவலில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

முதலில் செய்ய வேண்டியது, கேசட்டின் மூடியைத் தூக்கி, வெளிச்சத்தில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் ஓட்டாதீர்கள், சுத்தம் செய்யக் கொடுங்கள். இல்லையென்றால் ஆசைக்கு நாலு தடவை ஓட்டிப் பார்க்காமல், முதல் ஓட்டத்திலேயே பதிவுசெய்யுங்கள். அசல் அளவில் ஒரு பிரதி உங்கள் வீட்டில், இன்னொன்று அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ இருக்கட்டும். படத்தைப் பெரிதாக்க இன்னும் எத்தனையோ கருவிகள் வரும். டேப்பிலிருந்து உதிர்ந்துபோன குரலைத் திருப்பித் தரத்தான் எந்தக் கருவியும் இல்லை.