ஸ்டியரிங் சக்கரம்

மோட்டார் வண்டியின் உறுப்புகளுள் ஓட்டுபவரின் கைகள் ஓயாது தொட்டிருப்பது ஸ்டியரிங் சக்கரம் ஒன்றே. தொடக்க காலத்தில் அதுவும் இல்லை. 1886-ஆம் ஆண்டில் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியை ஒரு கைப்பிடியால் திருப்பினர். 1894-இல் பாரிசிலிருந்து ரூவான் நகர்வரை நடந்த ஓட்டத்தில் வாஷரோன் என்பவர் தம் பனார் வண்டியில் சக்கரம் பொருத்தி வந்தார். பின்னர்க் கைப்பிடி மெல்ல மெல்ல மறைந்தது.

பழைய சக்கரங்களின் உள்ளே இருப்பது எஃகு எலும்பு. அதன்மேல் போர்த்திய தோல் முதலில் மரமாகவும், பிறகு கந்தகம் மிகுதியாகச் சேர்த்து இறுக்கிய இரப்பராகவும், அதன்பின் பிளாஸ்டிக்காகவும் இருந்தது. எலும்பும் தோலும் நெடுநாள் ஒத்து வாழ்வதில்லை. வெயிலில் பிளாஸ்டிக் எஃகைவிடப் பன்மடங்கு விரிகிறது. குளிரில் அவ்வாறே சுருங்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தோல் குறுகுகிறது. எஃகோ குறுக மறுக்கிறது. எனவே தோல் பிளக்கிறது. பெரும்பாலும் ஆரக்கால் வட்டையைச் சேருமிடத்தில்தான் முதற் பிளவு தோன்றும். அதன் வழியே ஈரமும் வியர்வையும் உட்புகும்.

உத்தரபாராவில் உருவான அம்பாசடர் வண்டிகளின் உற்பத்தி 2014-இல் நின்றுபோயிற்று. 1950-களின் இறுதியில் பிறந்த அவ்வண்டிகளுள் ஒன்று, சென்னைப் புதுப்பேட்டையை அடுத்த ஒரு பட்டறைக்கு வந்தது. அதற்கு உரியவர் ஒரு மூதாட்டி. அவருடைய தந்தையார் முப்பது ஆண்டுகள் ஓட்டிய வண்டி அது. பேத்தியின் திருமணத்தன்று மணமக்கள் அதில் ஊர்வலம் வரவேண்டும் என்பது அவர் ஆசை.

பட்டறைப் பெரியவர் சக்கரத்தைக் கழற்றிச் சோப்பு நீரால் கழுவினார். ஆரன் பொத்தானை எடுத்ததும், வெயில் படாத குடத்தில் பழைய தந்தநிறம் அப்படியே இருந்தது. எந்த நிறம் பூசுவது என்னும் ஐயம் தீர்ந்தது.

பிளவைப் பசையால் மேலே மூடிவிடலாகாது. மூடினால் அதே கோட்டில் மீண்டும் பிளக்கும். இரும்பறுக்கும் வாளின் அலகால் எஃகு தெரியுமளவும் வாயகன்ற பள்ளமாக அறுத்து, துருவைச் சுரண்டி, எபாக்சிப் பசையைச் சற்று மேடாக அப்பவேண்டும். ஒருநாள் இறுகியபின் அரத்தால் ராவி, 80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 400-ஆம் எண் வரை தேய்க்கவேண்டும். பெரியவர் அவ்வப்போது கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பார். விரல் அறியும் மேட்டைக் கண் அறியாதன்றோ!

நான்காம் பிளவை அறுத்தபோது அவர் கை நின்றது. ஆரக்காலின் அடியில் எஃகு பாதிக்குமேல் துருவாகி, ஊசி முனை பட்டதுமே உதிர்ந்தது.

"மேலே வண்ணம் பூசித் தாருங்கள், ஐயா. கல்யாணத்துக்கு எட்டு நாள்தான் இருக்கிறது," என்றார் மூதாட்டி.

"பூசினால் பளபளக்கும், அம்மா. பழுது எவர் கண்ணுக்கும் தெரியாது. வளைவில் திருப்பும்போது கையோடு வந்துவிட்டால் அப்போது தெரியும்."

"அப்பா கை பட்ட சக்கரம்," என்றார் அவர். அதன் இடப்பக்கத்தில் கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து ஒரு சிறு குழி விழுந்திருந்தது.

பெரியவருக்கும் கூலி வேண்டியதுதான். ஆயினும் அவர் இணங்கவில்லை. பழைய சாமான் கடைகளில் தேடி, அதே வகைச் சக்கரம் ஒன்றை வாங்கி வந்தார். அதிலும் மூன்று பிளவுகள் இருந்தன. மூன்றையும் எஃகுவரை அறுத்துப் பார்த்து, உறுதி கண்ட பின்னரே பசை குழைத்தார். பிரைமர் பூசியதும் வெளிப்பட்ட ஊசித்துளைகளை மறுபடி அடைத்தார். வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றையும் காயவிட்டுத் தெளித்தார். தடித்துப் பூசினால் வழிந்து துளியாக நின்றுவிடும். பூச்சு நன்கு இறுகுவதற்குள் திருமண நாள் வந்துவிட்டது. மணமக்கள் வாடகை வண்டியில் சென்றனர்.

அடுத்த திங்களில் மூதாட்டி தம் மகனுடன் பட்டறைக்கு வந்தார். புதுச் சக்கரம் பூட்டப்பட்டிருந்தது. மகன் அதை இருபுறமும் திருப்பிப் பார்த்தார். "பழையதை என்ன செய்யலாம், அம்மா?" என்று பெரியவர் கேட்டார். மூதாட்டி அதைத் துணியில் சுற்றி வாங்கி, மடிமேல் வைத்துக்கொண்டு வண்டியில் அமர்ந்தார்.